கியோட்டோவில் துப்பியவர்

டெலிபோன் அடித்தது.

குன்னூரின் பெட்ஃபோர்ட் பகுதியில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்ன டூர்ஸ் ஆபீஸ். காலை பத்து மணி. முன் அறையில் லிஜி மட்டும்தான் இருந்தாள்.

மூன்று முறை அடிக்க விட்டாள்.

போனை எடுத்துப் பேசுவது என்றாலே அவளுக்குக் கூச்சம். வயது இருபத்தைந்து. கெமிஸ்ட்ரி பட்டதாரி. ஜப்பானிய மொழியில் இரண்டு பரீட்சை பாஸ் செய்திருந்தாள் என்பதற்காக மட்டுமே இந்த வேலை கிடைத்திருந்தது.

எடுத்தாள்.

"ஹலோ..."

"லிஜியா?"

தபித்தாள் டீச்சரின் குரல். போன மாதம் ஜப்பான் டூருக்குக் கூட வந்தவர். தேயிலையை ருசித்துத் தரம் சொல்லும் ரிட்டயர்டு டீ டேஸ்டர் சில்வஸ்டரின் மனைவி.

"சொல்லுங்க டீச்சர்."

"உன் வீடியோ ஜெயிச்சிருச்சும்மா."

"டீச்சர்...?"

"சார் விஷம் குடிச்சிட்டார். ஐசியூவுல கெடக்கிறார். நான் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்துல... டேஸ்டிங் ரூம்ல... தரையில..."

லிஜியின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"உன்னைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. ஆனா வேற யாரைக் கூப்பிடறதுன்னும் தெரியல. வீட்டுல அன்னக்கிளி இருக்கா. டிராயர்ல சாரோட மெடிக்கல் ஃபைல் இருக்கும். எடுத்துட்டு வா."

லைன் துண்டிக்கப்பட்டது.

உள் அறைக் கதவு திறந்தது. முதலாளி ஆஷ்லி எட்டிப் பார்த்தார். நாற்பது வயது. எப்போதும் கோட்டு. எப்போதும் சிரிப்பு.

"என்ன லிஜி, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

சொன்னாள். பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

ஆஷ்லி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அடப்பாவமே... பொழச்சுக்குவாரா?"

"தெரியல சார். அந்த வீடியோவை நாம போட்டதாலதான்..."

"இதெல்லாம் உன் தலையில ஏத்திக்காதே. ஊர் சிரிச்சுது. அவரால தாங்க முடியல. அவ்வளவுதான். நீ ஃபைலை எடுத்துட்டு வா. நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

நல்ல மனிதர், என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினாள் லிஜி.

*

ஆட்டோவில் அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் கியோட்டோ தெரிந்தது.

எட்டு நாள் டூர். ஒன்பது பேர். எல்லோரும் தேயிலைத் தொழிலில் இருந்தவர்கள், இருப்பவர்கள். ஒசாகாவில் இறங்கினார்கள். வெள்ளைக் கொக்கு போல நின்ற ஹிமெஜி கோட்டை. குளத்தில் தலைகீழாக மின்னிய தங்கக் கோயில். நடந்தால் குருவி போலக் கூவும் மரத்தரை கொண்ட பழைய அரண்மனை.

"இந்தத் தரைய எங்க பாக்டரியில போட்டா தூள் திருடறவனை ஒரே நாள்ல புடிச்சிரலாமுங்க" என்றார் சுப்பண்ணன்.

ஜெகதளாவில் டீ பாக்டரி வைத்திருப்பவர். டூர் முழுக்க அவர் வாய் ஓயவில்லை. நாராவில் மான்கள் தலைகுனிந்து வணங்கி பிஸ்கட் கேட்டன. ஒரு மான் அவர் சட்டைப் பையிலிருந்த புரோகிராம் பேப்பரை மென்று தின்றது.

"ஏனுங்க லிஜி, நாளைக்கு எங்க போறோம்னு இனி இவரைத்தான் கேக்கோணும்."

ஜப்பான் தரப்பு கைடு ஹயாஷி அம்மா. அறுபது வயது. கையில் சின்ன மஞ்சள் கொடி. முதல் கோயிலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால்... அந்த அம்மா வாசலில் மண்டியிட்டு, ஒன்பது ஜோடியையும் கையால் எடுத்து, முனை வெளியே பார்க்க வரிசையாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஒருவர் தங்கள் செருப்பைத் தொடுவதா?

ஒன்பது பேருக்கும் உடம்பு கூசிப் போயிற்று. அடுத்த கோயிலிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் கழற்றியதும் குனிந்து தாங்களே திருப்பி வைத்தார்கள். சுப்பண்ணன்கூட. எட்டு நாளில் முப்பது வாசல். கை பழகிவிட்டது.

ஆறாம் நாள்தான் அது நடந்தது.

கியோட்டோவில் ஒரு சந்துக்குள் தேநீர்க்கூடம். ஆஷ்லி தானே தேடிப் பிடித்து டூரில் சேர்த்த இடம். கிமோனோ அணிந்த பெண் பச்சைத் தூளை மூங்கில் மத்தால் கலக்கினாள். கிண்ணத்தை இரண்டு முறை திருப்பி, குனிந்து, குடிக்க வேண்டும். முதல் மரியாதை சில்வஸ்டருக்கு. முப்பத்தெட்டு வருஷம் தேயிலையை ருசித்த நாக்கு அல்லவா!

லிஜி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பேஜுக்காக.

சில்வஸ்டர் கிண்ணத்தைத் திருப்பினார். உறிஞ்சினார். விசில் போல ஒரு சத்தம்.

முகம் மாறியது.

அடுத்த விநாடி, கிண்ணம் கழுவிய நீரை ஊற்றும் பாத்திரத்துக்குள், குறி தவறாமல்...

துப்பினார்.

கிமோனோப் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. ஹயாஷி அம்மா மெதுவாகக் குனிந்து நெற்றியைப் பாயில் வைத்தார். அவர் செய்யாத தப்புக்கு. லிஜியும் வைத்தாள். நெற்றியில் பாயின் கோடு பதியும் வரை எழவில்லை.

அன்று சாயங்காலம் ஓட்டல் வராந்தாவில், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெரியவரிடம் குரல் உயர்த்தினாள்.

"உங்களால எங்க எல்லாருக்கும் அவமானம் சார்."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஆமாம்மா. அவமானம்தான்."

தன் அறைக்குத் திரும்பிப் போனார்.

நடந்ததை ஆஷ்லிக்குப் போனில் சொன்னாள். 'துப்பினாரா?' என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு சிரித்தார்.

"படம் எடுத்திருக்கியா? போடு. 'முப்பத்தெட்டு வருஷ அனுபவம், மூணே செகண்டில் அவுட்'னு எழுதிப் போடு. நம்ம பேஜ் எங்கேயோ போயிரும்."

"அவருக்கு வருத்தமா இருக்கும் சார்..."

"விளையாட்டுதானே லிஜி."

கோபத்தில் இருந்தாள். போட்டாள்.

எழுபதாயிரம் பேர் பார்த்தார்கள். குன்னூரில் பொடிசுகள்கூட சில்வஸ்டரைப் பார்த்தால் உதட்டைக் குவித்துக் காட்டின. ஒரு மாதமாக அவர் கடைத்தெருப் பக்கமே வரவில்லை.

*

சிம்ஸ் பார்க்குக்குக் கீழே சில்வஸ்டரின் வீடு. வாசலில் போலீஸ் ஜீப்.

லிஜி செருப்பைக் கழற்றினாள். குனிந்து, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"நீங்களுமா?"

துடைப்பத்தோடு நின்றிருந்தாள் அன்னக்கிளி. வீட்டு வேலை செய்பவள். அழுது கண் வீங்கியிருந்தது.

"ஐயாவும் டீச்சரும் ஜப்பான் போய்ட்டு வந்ததிலிருந்து இதே வேலைதானுங்க. என்னையும் திருப்பி வெக்கச் சொல்லி உசிரை எடுக்கறாங்க. காலைல வந்த ஆளுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்ல."

லிஜி நிமிர்ந்தாள்.

"காலைல யாரு வந்தாங்க?"

"மூஞ்சியப் பாக்கலீங்க. நான் எட்டரைக்கு வந்தேன். டேஸ்டிங் ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. வாசப்படியில ஐயாவோட செருப்பு அழகா வெளிய பாத்துட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு கறுப்பு ஷூ. ஊட்டு உள்பக்கமாப் பாத்துக் கெடந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு. நாந்தான் எடுத்துத் திருப்பி வெச்சேன். பின்னாடி போய்த் துணி துவைச்சுட்டு வந்து பாத்தா ஷூவைக் காணோம். ஐயா... தரையில..."

"போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"அவுங்க என்னையக் கேக்கவே இல்லீங்களே."

"வேற ஏதாச்சும் ஞாபகம் இருக்கா அக்கா?"

"அந்த ஷூவைத் தொட்டதுல கையெல்லாம் பச்சை. இந்தா, இந்தத் துணியிலதான் தொடச்சேன்."

துணியை நீட்டினாள். விரல் விரலாகப் பச்சைத் தீற்றல்.

உள்ளேயிருந்து சப்-இன்ஸ்பெக்டர் ரெனிஷ் வந்தார். இளவயது. தூக்கம் போதாத கண்கள்.

"நீங்கதான் அந்த வீடியோ லிஜியா?"

காது மடல் வரை சூடேறியது. தலையாட்டினாள்.

"வாங்க. பாருங்க. நெலைமை என்னன்னு."

டேஸ்டிங் ரூம். வடக்குப் பார்த்த ஜன்னல். நீள மேஜையில் வெள்ளைக் கோப்பைகள். ஒரு ஓரம் துப்புவதற்கான உயரமான பித்தளைப் பாத்திரம். உலர்ந்து பளபளத்தது. மேஜை நடுவில் கவிழ்ந்து கிடந்தது ஒரு கிண்ணம். பக்கத்தில் தேயிலைச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் பாட்டில்.

"டீயில கலந்து குடிச்சிருக்கார்" என்றார் ரெனிஷ். "மானம் போச்சுன்னு ஒரு மாசமா வெளியே வரல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சார்... காலைல ஒருத்தர் வந்திருக்கார்."

"யாரு?"

அன்னக்கிளி சொன்னதை இவள் சொன்னாள்.

"பச்சைன்னா? இந்த மலையில பச்சை ஒட்டாத ஷூ எதுங்க? தோட்டத்துல நடந்தா இலைச்சாறு ஒட்டத்தானே செய்யும்."

"ஒரு பக்கெட் தண்ணி வேணும் சார்."

"எதுக்கு?"

பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. செய்து காட்டினாள். துணியின் நுனியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்தாள்.

தண்ணீர் சர்பத் போலப் பச்சையாயிற்று.

"இலையோட பச்சை வெறுந்தண்ணியில இப்படிக் கரையாது சார். எண்ணெயிலயோ ஸ்பிரிட்டுலயோதான் கரையும். காலேஜ் லேப்ல எத்தனையோ தடவை பண்ணியிருக்கோம். இது கரையுது. அப்படின்னா..."

"அப்படின்னா?"

"இது சாயம்."

ரெனிஷ் பக்கெட்டையே பார்த்தார்.

லிஜியின் பார்வை மேஜைக்குப் போயிற்று. கோப்பைகளுக்குப் பின்னால் ஒரு குட்டி டப்பா. அவளிடமும் அதே டப்பா உண்டு. கியோட்டோ தேநீர்க்கூடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் பரிசாகக் கொடுத்த பச்சைத் தேயிலைத்தூள். பக்கத்தில், ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர். நனைந்து காய்ந்தது. நடுவில் தூள். தூளைச் சுற்றி மயில் கழுத்து நிறத்தில் வட்டமாக ஓடியிருந்த சாயம்.

"அதைக் கைதுடைச்ச பேப்பர்னு விட்டுட்டேன்" என்றார் ரெனிஷ்.

"இல்ல சார். சாயம் கலந்த டீயைக் கண்டுபிடிக்க எல்லா பாக்டரியிலயும் பண்ற சோதனை இது. ஈரப் பேப்பர்ல தூளைத் தூவினா தெரிஞ்சிரும். சார் பண்ணிப் பார்த்திருக்கார்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அன்று கியோட்டோவில் கொடுத்தது கலப்படம்.

அவருடைய நாக்கு பொய் சொல்லவில்லை.

'உங்களால எங்க எல்லாருக்கும் அவமானம் சார்.'

பக்கெட்டின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்க" என்றார் ரெனிஷ். குரல் மாறியிருந்தது. "இந்தப் பக்கம் க்ரீன் டீ யாருங்க அரைக்கிறது?"

"ஜெகதளாவுல... சுப்பண்ணன் பாக்டரி."

"டூர் வந்தவரு. வீடியோவைப் பார்த்து அதிகமாச் சிரிச்சவரு. நீங்க போட்ட பேஜுல அவரோட கமெண்ட் மட்டும் பதினொண்ணு இருக்கு. எண்ணினேன். அவர்தான் ஆளு."

"அவர் இல்ல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரா இருந்தா ஷூவைத் திருப்பி வெச்சிருப்பார்."

ரெனிஷ் சிரித்தார்.

"ஏங்க, கொலை பண்ண வந்தவன் வாசல்ல ஷூவுக்கு அணிவகுப்பு வைப்பானா?"

"யோசிச்சுச் செய்யறதில்ல சார். கை தானா செய்யும். டூர் வந்த ஒன்பது பேருக்கும் அப்படித்தான். வந்தது டூர்ல இல்லாத ஆள்."

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. சுப்பண்ணன் அங்கதான் உக்காந்திருக்காராம். அவர் கை என்ன பண்ணுதுன்னு பார்த்துருவோம்."

*

ஆஸ்பத்திரி முதல் மாடி. மெடிக்கல் ஃபைலோடு லிஜி ரெனிஷின் பின்னால் ஏறினாள். பெஞ்சில் சுப்பண்ணன் குறுகி உட்கார்ந்திருந்தார். டூரில் கேட்ட அந்த வாய் காணாமல் போயிருந்தது. ரெனிஷைப் பார்த்ததும் எழுந்தார்.

"கேள்விப்பட்டவுடனே ஓடியாந்தேனுங்க. பதினோரு கமெண்ட் போட்டேன் சார்... பதினொண்ணு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு டீச்சரைப் பாப்பேன்?"

"க்ரீன் டீத் தூளுக்குச் சாயம் போடறது நீங்களா?"

"என்னதுங்க?"

"கேட்டதுக்குப் பதில்."

"எங்கப்பன் காலத்துலருந்து பாக்டரி நடத்தறோமுங்க. சாயப் பொட்டணம் ஒண்ணு எங்க கேட்டைத் தாண்டினா நான் மீசையை எடுத்துக்கறேன். நான் விக்கறது வெறும் தூளு. அதை வாங்கிட்டுப் போறவங்க என்ன பண்றாங்கன்னு..."

லிஜிக்கு மீதி கேட்கவில்லை.

அவள் ஐசியூ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கதவோரம் வரிசை. ஒரு ஜோடி தோல் செருப்பு... சுப்பண்ணனுடையது, கழற்றிவிட்டு உள்ளே போகக் கூசி பெஞ்சுக்குத் திரும்பியிருக்கிறார். முனை வெளியே பார்த்தது. தபித்தாள் டீச்சரின் நீல ரப்பர் செருப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு ஈரத் தடம் மட்டும். அதற்குப் பக்கத்தில்...

ஒரு ஜோடி கறுப்பு ஷூ.

கதவைப் பார்த்து. ஒன்று மேல் ஒன்று.

தையல் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு.

"சிஸ்டர்..." நர்ஸ் ஈவ்லின் டிரேயோடு வந்துகொண்டிருந்தாள். "உள்ள யாரு இருக்காங்க?"

"உங்க முதலாளிதான். ஆஷ்லி சார். பேஷன்ட் கண் முழிச்சிட்டார்னு சொன்னேன். டீச்சர் பாவம், காலையிலருந்து பச்சைத்தண்ணி குடிக்கல. இவர்தான் கேண்டீனுக்கு அனுப்பி வெச்சுட்டு, நான் பார்த்துக்கறேன்னு உள்ள போனார். நல்ல மனுஷன்..."

நல்ல மனிதர்.

லிஜி ஓடினாள். கதவைத் தோளால் தள்ளினாள்.

கட்டில். வெளுத்த முகம். பாதி திறந்த கண்கள். அந்தக் கண்கள் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆக்ஸிஜன் குழாயை மடக்கி, இறுக்கிப் பிடித்திருந்த கை.

மூன்று வருஷ வேலையில் ஆஷ்லியிடம் அவள் முழு வாக்கியம் பேசியது குறைவு.

"கையை எடுடா!"

மாடி முழுக்க எதிரொலித்தது. ஈவ்லினின் டிரே கீழே விழுந்தது.

ஆஷ்லி திரும்பினார். சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. கழற்ற மறந்த மாதிரி.

"என்ன லிஜி... குழாய் மடங்கியிருந்துச்சு. சரி பண்ணினேன்."

"காலைல எட்டரைக்கு எங்க சார் இருந்தீங்க?"

"வீட்டுல. ஏன்?"

"அப்ப உங்க ஷூ மட்டும் சில்வஸ்டர் சார் வீட்டுக்குப் போச்சா?"

"என்ன உளர்றே?"

கதவருகே ரெனிஷ் நின்றிருந்தார். ஒரு ஷூவை கர்சீப்பால் தூக்கிப் பிடித்திருந்தார். ஈரக் கட்டைவிரலால் தையலை ஒரு முறை தடவினார். விரலைக் காட்டினார்.

பச்சை.

அவருக்குப் பின்னாலிருந்து சுப்பண்ணனின் தலை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க ஆஷ்லி... மாசம் நாப்பது மூட்டை கழிவுத்தூளை எருவுக்குன்னு சொல்லி எங்கிட்ட வாங்கினீங்களே. அதெல்லாம் எந்த ஊருச் செடிக்குங்க?"

ஆஷ்லியின் முகத்திலிருந்து சிரிப்பு அப்போதுதான் இறங்கியது.

*

மூன்று நாள் கழித்து சாதாரண வார்டு. சில்வஸ்டர் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் தபித்தாள் டீச்சர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

லிஜி கதவருகே நின்றாள். உள்ளே வரவில்லை.

"வாம்மா" என்றார் சில்வஸ்டர்.

நகரவில்லை.

"அந்த போலீஸ்காரத் தம்பி எல்லாம் சொன்னார். ஜெகதளா ரோட்டுல ஆஷ்லியோட குடோன்ல சாயமும் தூளும் மூட்டை மூட்டையா இருந்துச்சாம். உலகம் பூரா அந்தப் பச்சைத்தூளுக்கு அலையுது. நம்ம கழிவுத்தூளுக்குச் சாயம் போட்டு, ஜப்பான் டப்பாவுல அடைச்சு, ஜப்பானுக்கே அனுப்பியிருக்கான். நம்ம டூர்ல சேர்த்த அந்தத் தேநீர்க்கூடமே அவன்கிட்ட தூள் வாங்கற இடம்தானாம். தைரியம்தான்."

"சார்... கியோட்டோவுலயே ஏன் சொல்லல? துப்பினது ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

சில்வஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தச் சரக்கைத் தரம் சரின்னு பாஸ் பண்ணினது நான்."

தபித்தாள் டீச்சரின் கையில் ஆரஞ்சு நின்றது.

"ரிட்டயர் ஆன பிறகும் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. ஆஷ்லி ஒரு பெட்டி கொண்டுவந்தான். சுத்தமான தூள். ருசி பார்த்தேன். அறுபது பெட்டிக்கும் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டான். மீதி ஐம்பத்தொன்பதையும் பார்க்கச் சோம்பல். போட்டுட்டேன். அங்க போய் மண்டிபோட்டு உக்காந்து, முதல் வாய் உறிஞ்சினதும்... என் மலை. என் தூள். ஓரத்துல சாயம். அந்த ஜப்பான் அம்மா பாயில தலை வெச்சாங்களே... அது நான் வைக்க வேண்டிய தலைம்மா. அவமானம்னு நீ சொன்னே. நீ சொன்னதுதான் சரி."

"வந்தும் சொல்லலையே சார்..."

"ஒரு மாசமாத் தைரியம் சேர்த்தேன். முந்தாநாள்... இல்ல, அவன் வந்ததுக்கு முந்தின நாள், போன் பண்ணி ஜப்பானுக்கு எழுதப் போறேன்னேன். மறுநாள் காலைல வந்து நின்னான். கால்ல விழுந்தான். புதுசா நல்ல தூள் கொண்டுவந்திருக்கேன், நீங்களே பாருங்கன்னு அவனே கலக்கிக் குடுத்தான்."

"உங்க நாக்குக்குத் தெரியலையா சார்?"

"தெரியாமலா? வாயில வெச்ச மறுநிமிஷம் தெரிஞ்சுது. துப்பறதுக்குத் தலையைத் திருப்பினேன்."

போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவன் செல்போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். 'என்ன சார், இங்கேயுமா? இன்னொரு வீடியோ போட்டுரலாமா?'ன்னான்."

வார்டில் யாரோ இருமினார்கள்.

"முழுங்கிட்டேன்" என்றார் சில்வஸ்டர்.

லிஜி கதவை விட்டு உள்ளே வந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீடியோவை, ஆஷ்லி பிடிபட்ட அன்றைக்கே பேஜிலிருந்து நீக்கிவிட்டாள். அதற்குப் பதில், நடந்ததை எழுதி, தன் பெயரைப் போட்டு, மன்னிப்புக் கேட்டிருந்தாள். இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். எழுபதாயிரம் எங்கே... இருநூறு எங்கே.

"நான்தான் சார் காரணம்" என்றாள். சத்தமே வரவில்லை.

"பாதி நீ. பாதி நான். ஆஷ்லிக்கு மிச்சம் எதுவும் வைக்காம நாமளே பங்கு போட்டுக்க வேண்டாம்."

தபித்தாள் டீச்சர் லிஜியைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு சுளை ஆரஞ்சை அவள் பக்கம் நீட்டினார்.

லிஜி வாங்கிக்கொண்டாள். தின்ன முடியவில்லை. கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"ஹயாஷி அம்மாவுக்கு லெட்டர் எழுதணும்" என்றார் சில்வஸ்டர். "நான் சொல்றேன். நீ அவங்க பாஷையில எழுது. கையெழுத்து நான் போடறேன். இந்த முறை முழுசாப் படிச்சுட்டுப் போடறேன்."

ஈவ்லின் வந்தாள். டம்ளரில் ஆஸ்பத்திரி டீ. மூன்று நாளில் முதல் டீ.

சில்வஸ்டர் டம்ளரை வாங்கினார். பழக்கம் விடவில்லை, இரண்டு முறை திருப்பினார். உறிஞ்சினார். விசில் சத்தம். கன்னத்தில் ஒதுக்கினார்.

அப்படியே உறைந்துவிட்டார்.

கண் மட்டும் இப்படியும் அப்படியும் ஓடியது. எதிர்க் கட்டில்காரர். ஈவ்லின். கதவு. ஜன்னல். லிஜியின் கை... அதில் செல்போன் இருக்கிறதா என்று.

லிஜிக்கு அந்தப் பார்வை புரிந்தது. சாகிறவரை மறக்காது என்பதும் புரிந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்த வாந்திப் பாத்திரத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள். தலையைக் குனிந்துகொண்டாள். ஹயாஷி அம்மா குனிந்த அளவுக்கு.

"துப்புங்க சார்."

ஒரு விநாடி.

பாத்திரத்தின் நடுவில், ஒரு சொட்டு சிதறாமல் விழுந்தது.

சில்வஸ்டர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு, தேயிலை ஏலக் கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் கேட்ட அதே குரலில் தீர்ப்புச் சொன்னார்:

"நிறம் இல்ல. மணம் இல்ல. டீயே இல்ல. ஆனா விஷமும் இல்ல... பாஸ்!"